நுரையீரல் என்னும் ஏரி

உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதவை காற்று, நீர், உணவு என்னும் மூன்றாம். இவற்றுள், உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் மனிதன் உயிரோடு இருத்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்களுக்குமேல் அவன் உயிர் தரியான். எனினும், உணவையும் நீரையும் நினைத்துத் தேடும் நாம், காற்றைப் பற்றிச் சற்றும் நினைப்பதில்லை. நாம் உண்ணும்போதும், உறங்கும்போதும், பேசும்போதும், பாடம் படிக்கும்போதும் மூச்சு தானே இயங்கிக்கொண்டிருக்கிறது.

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 12 முறை மூச்சு விடுகிறார் எனக் கொள்வோம். அங்ஙனமாயின், ஒரு நாளில் அவர் விடும் மூச்சுகள் 17,280 ஆகும். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்சென்று வெளிவருகிறது. எனவே, ஒரு நாளில் 8,640 லிட்டர் காற்று நம் மார்பினுள் புகுந்து மீள்கிறது.

இவ்வளவு காற்றைக் கையாளும் நுரையீரலில் ஒரு வேளையில் எவ்வளவு காற்று அடங்கும்? அதில் எவ்வளவு பங்கு ஒரு மூச்சில் மாறுகிறது? உள்ளிருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்ற இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. உடலுக்குள் மறைந்து வளரும் நோயை முன்னதாகவே அறிந்துகொள்ள இவ்வளவுகள் துணை செய்கின்றன. அஃது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மார்பறையின் இரு புறத்தும் இரண்டு நுரையீரல்கள் அமைந்துள்ளன. மூக்கின் வழியாகப் புகும் காற்று தொண்டையைக் கடந்து மூச்சுக்குழலை அடைகிறது. அக்குழல் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் மேலும் மேலும் பிரிகிறது. அடிமரம் கிளையாகவும், கிளை கொம்பாகவும், கொம்பு சிறு வளாராகவும் பிரிவது போல, இக்குழல்கள் ஏறத்தாழ 23 முறை பிரிந்து, இறுதியில் காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. முழு வளர்ச்சி பெற்ற மனிதனின் நுரையீரல்களில் 30 கோடி முதல் 50 கோடி வரை இத்தகைய நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் மெல்லிய சுவர்களைப் பிரித்து விரித்துப் பரப்ப இயலுமாயின், அப்பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர் இருக்கும். இந்நுண்ணறைகளின் சுவரில்தான் காற்றும் இரத்தமும் நெருங்குகின்றன. இங்கேதான் இரத்தம் பிராணவாயுவை ஏற்றுக்கொண்டு, கரியமில வாயுவை வெளிவிடுகிறது.

நுரையீரலுக்குத் தானே விரியும் ஆற்றல் இல்லை. மார்பறைக்கும் வயிற்றுக்கும் இடையே கூரை போல் வளைந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசை சுருங்கித் தாழ்கிறது. விலா எலும்புகள் மேலெழுந்து அகல்கின்றன. இதனால் மார்பறை பெரிதாகிறது. உடன் நுரையீரலும் விரிகிறது. கொல்லன் துருத்தியை விரித்தவுடன் காற்று தானே உட்புகுவது போல, வெளிக்காற்று நுரையீரலுள் புகுகிறது. தசைகள் தளர்ந்ததும் நுரையீரல் தன் மீள்தன்மையால் சுருங்குகிறது, காற்று வெளியேறுகிறது. அமைதியான மூச்சில், உள்ளிழுப்பதற்கே உழைப்பு வேண்டும். வெளிவிடுதல் தானே நிகழும்.

நுரையீரலில் உள்ள காற்றின் அளவுகளை அறிந்துகொள்ள, நம் ஊர் ஏரி ஒன்றை நினைவிற் கொள்வோம். ஏரியில் நீர் இடைமட்டத்தில் நிற்கிறது. நாள்தோறும் வாய்க்கால் வழியே சிறிது நீர் வந்து சேர்கிறது. அவ்வளவு நீர் மதகின் வழியே வெளியே போகிறது. பெருமழை பெய்தால், நீர் நிற்கும் மட்டத்திற்குமேல் கலிங்கு வரையில் இன்னும் நிரம்புவதற்கு இடம் உண்டு. கோடை நீளுமானால், மதகை நன்றாகத் திறந்து மேலும் நீரை எடுத்துக்கொள்ளலாம். ஆயினும், மதகின் வாய்க்குக் கீழே தேங்கிய நீர், மதகை எவ்வளவுதான் திறந்தாலும் வெளியேறாது. நுரையீரலிலும் இத்தகைய நான்கு பகுதிகள் உள்ளன.

முதலாவது, மூச்சுக்காற்று அளவு. அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சில் உட்சென்று வெளிவரும் காற்று இது. இதன் அளவு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர். ஏரிக்கு நாள்தோறும் வந்து போகும் நீர் போன்றது இஃது.

இரண்டாவது, உட்சுவாசச் சேமிப்புக் கொள்ளளவு. இயல்பாக மூச்சை உள்ளிழுத்து முடித்த பின்னரும், முயன்றால் மேலும் இழுக்க இயலும். அங்ஙனம் மிகுதியாக இழுக்கக்கூடிய காற்று ஏறத்தாழ 3,000 மில்லி லிட்டர். இது, கலிங்கு வரையில் நிரம்புவதற்கு ஏரியில் எஞ்சியுள்ள இடத்தை ஒத்தது.

மூன்றாவது, வெளிச்சுவாசச் சேமிப்புக் கொள்ளளவு. இயல்பாக மூச்சை விட்ட பின்னரும், வயிற்றையும் மார்பையும் இறுக்கி மேலும் காற்றை வெளியேற்றலாம். அதன் அளவு ஏறத்தாழ 1,100 மில்லி லிட்டர். கோடையில் மதகை நன்றாகத் திறந்து எடுக்கும் நீருக்கு இதனை ஒப்பிடலாம்.

நான்காவது, எஞ்சிய கொள்ளளவு. எவ்வளவு வலிந்து ஊதினாலும் வெளியேறாமல் நுரையீரலில் தங்கிவிடும் காற்று இது. இதன் அளவு ஏறத்தாழ 1,200 மில்லி லிட்டர். மதகின் வாய்க்குக் கீழே நிற்கும் நீரே இதற்கு உவமை.

இந்நான்கையும் கூட்டினால் 5,800 மில்லி லிட்டர் ஆகிறது. இதுவே மொத்த நுரையீரல் கொள்ளளவு எனப்படும். நாம் அறிந்த அன்றாட மூச்சு, இம்மொத்தத்தில் ஏறத்தாழ 12-இல் ஒரு பங்கே என்பது காண்க.

இப்பகுதிகளுள் இரண்டையோ மூன்றையோ சேர்த்துக் கூறும்போது அவற்றைத் 'திறன்' என்னும் பெயரால் வழங்குவர். மூச்சுக்காற்று அளவோடு உட்சுவாசச் சேமிப்பைச் சேர்த்தால் உட்சுவாசத் திறன். இது 3,500 மில்லி லிட்டர். வெளிச்சுவாசச் சேமிப்பையும் எஞ்சிய கொள்ளளவையும் சேர்த்தால், இயல்பாக மூச்சு விட்டு முடிந்த நிலையில் நுரையீரலில் நிற்கும் காற்றின் அளவு கிடைக்கும். இது 2,300 மில்லி லிட்டர். இதனைச் செயல்பாட்டு எஞ்சிய திறன் என்பர். எஞ்சிய கொள்ளளவை நீக்கி, ஏனைய மூன்றையும் சேர்த்தால் உயிர்ப்புத் திறன். இது 4,600 மில்லி லிட்டர். அஃதாவது, இயன்ற மட்டும் மூச்சை உள்ளிழுத்து, பின்பு இயன்ற மட்டும் வெளிவிடும்போது வெளிவரும் காற்று முழுவதும் உயிர்ப்புத் திறனாகும்.

ஈண்டுக் கூறிய எண்கள், நல்ல உடல்நலம் வாய்ந்த வளர்ந்த ஆடவர் ஒருவருக்கு உரிய பொது அளவுகள். பெண்டிருக்கு இவை 4-இல் அல்லது 5-இல் ஒரு பங்கு குறைந்திருக்கும். உயரத்திற்கும் வயதிற்கும் ஏற்பவும் இவை வேறுபடும்.

உயிர்ப்புத் திறனின் பயனைச் சடுகுடு ஆடும் சிறுவர் நன்கு அறிவர். பாடி வரும் ஆட்டக்காரன், நடுக்கோட்டைக் கடக்குமுன் மார்பு நிறைய மூச்சை இழுத்துக்கொள்கிறான். பின்பு இடையில் மூச்சு வாங்காமல் பாடிக்கொண்டே எதிரணியினரைத் தொட முயல்கிறான். முதலில் உட்சுவாசச் சேமிப்பும், அடுத்து மூச்சுக்காற்றும், இறுதியில் வெளிச்சுவாசச் சேமிப்பும் அவனுடைய பாட்டாகச் செலவாகின்றன. அவன் குரல் தேய்ந்து, பாட்டு இறும் தறுவாயில், ஏரியின் நீர் மதகின் வாயை நெருங்கிவிட்டது எனலாம். அதற்குள் அவன் தன் எல்லைக்குத் திரும்பியாக வேண்டும்.

காற்று கண்ணுக்குப் புலனாகாதது, கையிலும் அகப்படாதது. அதனை முறையாக அளந்து, மருத்துவத்திற்குப் பயன்படுத்திய பெருமை ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவருக்கு உரியது. அவர் 1811-ஆம் ஆண்டில் பிறந்தவர். நீர் நிறைந்த ஒரு கலத்தினுள் மற்றொரு கலத்தைக் கவிழ்த்து வைத்து, அது எளிதாக உயர்ந்து தாழுமாறு கப்பிகளின் வழியே எடைகளைத் தொங்கவிட்டார். ஒருவர் குழாயின் வழியே மூச்சை ஊதினால், காற்று கவிழ்த்த கலத்தினுள் சேர்ந்து அதனை மேலெழுப்பும். கலம் எழுந்த உயரத்தைக் கொண்டு காற்றின் அளவை அறியலாம். இக்கருவியே ஸ்பைரோமீட்டர் எனப்படும் மூச்சளவி.

ஹட்சின்சன் இக்கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் இருவரை மட்டும் அளந்து அமையவில்லை. மாலுமிகள், காவலர்கள், தீயணைப்போர், படைவீரர்கள், அச்சுத் தொழிலாளர்கள், மற்போர் வீரர்கள், ஏழை எளியவர்கள் எனப் பல நிலையினரையும் அளந்தார். 1846-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 2,130 பேருடைய அளவுகள் அடங்கியிருந்தன. உயிர்ப்புத் திறன் என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. அகன்ற மார்புடையவருக்கே மூச்சு மிகுதி என்பது அந்நாளைய மக்களின் எண்ணம். ஹட்சின்சன் கண்ட உண்மை வேறு. உயிர்ப்புத் திறன் மார்பின் சுற்றளவைப் பொறுத்து அமையவில்லை. உயரத்தைப் பொறுத்தே அமைந்தது. 5 அடி முதல் 6 அடி வரை உயரமுள்ள ஆடவரிடையே, உயரம் ஓர் அங்குலம் மிகுந்தால் உயிர்ப்புத் திறன் 8 கன அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 130 மில்லி லிட்டர், மிகுவதை அவர் கண்டார்.

இதனால் விளைந்த பயன் பெரிது. ஒருவருடைய உயரத்தை அறிந்தால், அவருக்கு இருக்கவேண்டிய உயிர்ப்புத் திறன் இவ்வளவு எனக் கணக்கிடலாம். இருக்கவேண்டிய அளவைவிட அவர் ஊதிய அளவு மிகவும் குறைந்திருந்தால், நுரையீரலில் ஏதோ தீங்கு உண்டு என ஐயுறலாம். ஹட்சின்சன் காலத்தில் காசநோய் ஐரோப்பிய நகரங்களில் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்துகொண்டிருந்தது. நோயைத் தொடக்கத்திலேயே காட்டித் தரும் கருவியாகத் தம் மூச்சளவி பயன்படவேண்டும் என்பதே அவர் நோக்கம்.

அவர் அளந்தவர்களுள் ஃபிரீமன் என்பவரும் ஒருவர். அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த அக்குத்துச்சண்டை வீரர் ஏறத்தாழ 7 அடி உயரம் வாய்ந்தவர். 1842-ஆம் ஆண்டில் அவர் சண்டைக்குப் பயிற்சி பெற்று, உடல் உரத்துடன் விளங்கியபோது, அவருடைய உயிர்ப்புத் திறன் 434 கன அங்குலம். ஏறத்தாழ 7 லிட்டர். 2 ஆண்டுகள் கழித்து ஹட்சின்சன் மீண்டும் அளந்தபோது, அஃது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குறைந்த நிலையிலும், பொது மனிதர் பலருடைய அளவைவிட அவருடைய அளவு மிகுதியே. ஆயினும், அவருக்கு இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டால் அது பெரும் இழப்பு. 1845-ஆம் ஆண்டில் ஃபிரீமன் காசநோயால் மாண்டார். மலை போன்ற உடலுக்குள் நிகழ்ந்துவந்த தேய்வை மூச்சளவி முன்னரே காட்டிவிட்டது.

ஹட்சின்சன் கருவியின் தத்துவத்தைப் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். 5 லிட்டருக்குமேல் கொள்ளும், ஒளி ஊடுருவும் கலம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதனை நிமிர்த்தி வைத்து, லிட்டர் லிட்டராக நீர் ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் வெளியே ஒரு கோடு இடுக. கலம் நிரம்பியதும் வாயை மூடி, நீருள்ள ஓர் அகன்ற தொட்டியில் கவிழ்த்து, நீருக்குள் வாயைத் திறக்க. நீர் கீழிறங்காமல் கலத்திலேயே நிற்கும். ஒரு ரப்பர்க் குழாயின் முனையைக் கலத்தின் வாயினுள் செலுத்துக. மார்பு நிறைய மூச்சிழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழாயின் மறு முனையில் ஒரே மூச்சாக ஊதுக. வெளிவந்த காற்று நீரைத் தள்ளிக் கலத்தின் மேற்பகுதியில் சேரும். அதன் அளவே உங்கள் உயிர்ப்புத் திறன். ஒருவர் வாய்வைத்த குழாயை மற்றவர் பயன்படுத்துதல் ஆகாது. ஒவ்வொருவருக்கும் தூய குழாய் வேண்டும். ஆசிரியர் முன்னிலையில், ஒருவர் இரண்டு மூன்று முறைக்குமேல் ஊதாமல், இதனைச் செய்தல் நன்று.

இச்சோதனை எஞ்சிய கொள்ளளவை நமக்குக் காட்டாது. வெளிவராத காற்றை ஊதி அளப்பது எங்ஙனம்? 1800-ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கில அறிஞர், ஹைட்ரஜன் வாயுவைத் தாமே சுவாசித்து, அது தம் நுரையீரற் காற்றோடு கலந்து நீர்த்துப்போன அளவைக் கொண்டு, எஞ்சிய காற்றைக் கணக்கிட்டார். இக்காலத்தில் தீங்கற்ற ஹீலியம் வாயுவைக் கொண்டு இவ்வாறே அளக்கின்றனர். 10 லிட்டர் காற்றுள்ள ஒரு கலத்தில் 1 லிட்டர் ஹீலியம் கலந்திருப்பதாகக் கொள்வோம். அது நூற்றுக்கு 10 பங்கு. ஒருவர் இயல்பாக மூச்சு விட்டு முடித்த நிலையில், அக்கலத்தோடு இணைந்த குழாயின் வழியே மூச்சு விடத் தொடங்குகிறார். சிறிது நேரத்தில், கலத்துக் காற்றும் நுரையீரற் காற்றும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது ஹீலியம் நூற்றுக்கு 8.13 பங்காகக் குறைந்தால், 1 லிட்டர் ஹீலியம் இப்போது 12.3 லிட்டர் காற்றில் பரவியுள்ளது என்பது பெறப்படும். கலத்தின் 10 லிட்டரைக் கழித்தால், எஞ்சும் 2.3 லிட்டரும் நுரையீரலில் நின்ற காற்று. அதிலிருந்து வெளிச்சுவாசச் சேமிப்பைக் கழித்தால், எஞ்சிய கொள்ளளவு கிடைத்துவிடும்.

வெளியேறாத இக்காற்று வீணாகத் தங்கியிருப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் அன்று. இரத்தம் ஒரு நொடியும் நில்லாமல் நுரையீரல் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நுரையீரல் முற்றிலும் காலியாகுமானால், மறு மூச்சு வரும் வரையில் இரத்தத்திற்குப் பிராணவாயு கிடைக்காது. வாய்க்காலில் நீர் வராத வேளையிலும் ஏரியில் நிற்கும் நீர் பயிரைக் காப்பது போல, நுரையீரலில் நிற்கும் காற்று, மூச்சு வெளியேறும் வேளையிலும் இரத்தத்திற்குப் பிராணவாயு வழங்குகிறது. மேலும், நுண்ணறைகள் முற்றிலும் சுருங்கி ஒட்டிக்கொண்டால், அவற்றை மீண்டும் விரிப்பது கடினம். புதிய பலூனை முதன்முறை ஊதும்போது எவ்வளவு வருத்தம் உண்டாகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளிடம் இவ்வுண்மையைக் காணலாம். அக்குழந்தைகளுள் பல, ஒவ்வொரு மூச்சுக்கும் மார்பு உள்வாங்க அரும்பாடுபட்டு, சில நாள்களில் இறந்துபோயின. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த மேரி எல்லன் ஏவரி, ஜெரி மீட் என்னும் இருவர் இதன் காரணத்தைக் கண்டனர். நுண்ணறைகளின் உட்புறத்தை மெழுகி, அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள் அக்குழந்தைகளின் நுரையீரலில் போதிய அளவு இல்லை. அதனால், மூச்சு விட்டதும் நுண்ணறைகள் சுருங்கிவிடுகின்றன. காற்று அவற்றில் தங்குவதில்லை. 1980-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, அப்பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தி, அவர்கள் நிலை சீர்ப்படுவதைக் காட்டினார். இன்று இம்முறை எண்ணற்ற குழந்தைகளைக் காத்துவருகிறது.

இனி, உள்ளே சென்ற காற்று முழுவதும் பயன்படுகிறதா என்பதைப் பார்ப்போம். ஒரு மூச்சில் புகும் 500 மில்லி லிட்டரில், ஏறத்தாழ 150 மில்லி லிட்டர், மூக்கிலும் மூச்சுக்குழல்களிலுமே நின்றுவிடுகிறது. அங்கே இரத்தத்தோடு வாயு மாற்றம் நிகழ்வதில்லை. எனவே, நுண்ணறைகளை அடையும் புதுக்காற்று 350 மில்லி லிட்டரே. நிமிடத்திற்கு 12 மூச்சு எனில், 4,200 மில்லி லிட்டர் புதுக்காற்று பயன்படுகிறது. இப்போது ஒருவர் 250 மில்லி லிட்டர் வீதம் மேலோட்டமாக 24 முறை மூச்சு விடுகிறார் என்க. நிமிடத்தில் புகும் மொத்தக் காற்று முன்போலவே 6,000 மில்லி லிட்டர்தான். ஆனால், ஒவ்வொரு மூச்சிலும் 150 மில்லி லிட்டர் வழியிலேயே நின்றுவிடுவதால், பயன்படுவது 2,400 மில்லி லிட்டர் மட்டுமே. வாய்க்காலை நனைக்கவே நீர் செலவானால் வயலுக்கு எட்டுவது குறைவுதானே? நிதானமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுதல் நன்று எனப் பெரியோர் கூறுவதன் உண்மை இக்கணக்கினால் விளங்கும்.

இனி, நோய் இவ்வளவுகளை எவ்வாறு மாற்றுகிறது என்பதை அறிதல் வேண்டும். ஏரி இரண்டு வகையாகக் கெடும். ஒன்று, வண்டல் படிந்து தூர்ந்துபோதல். மற்றொன்று, கரைகள் நெருக்கி ஏரியே சிறுத்துப்போதல். நுரையீரலும் இவ்விரு வகையாகவே கெடுகிறது.

பல ஆண்டுகள் புகை பிடிப்பவர்களுக்கு மூச்சுக்குழல்கள் வீங்கிக் குறுகுகின்றன. நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. நுரையீரல் மீள்தன்மையை இழக்கிறது. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றித் தேங்குகிறது. எஞ்சிய கொள்ளளவு பெருகிப் பெருகி, உயிர்ப்புத் திறனின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது. தூர்ந்த ஏரி பார்ப்பதற்கு நிரம்பியே இருக்கும். மதகைத் திறந்தால் பாய்வதற்கு நீர் இராது. அதுபோல, இவர்களின் மார்பு அகன்று காற்று நிறைந்திருந்தும், பத்துப் படி ஏறுவதற்கு மூச்சு இராது. விறகடுப்பின் புகையில் நெடுங்காலம் சமைத்த பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

கல்லுடைக்குமிடத்தில் எழும் நுண்ணிய மணற்கல் தூசியைச் சுவாசிப்போருக்கு, நுரையீரல் தழும்பேறி இறுகிச் சுருங்குகிறது. இங்கு மொத்தக் கொள்ளளவே குறைந்துவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் வட்டாரத்தில், சிலேட்டுக் குச்சி அறுக்கும் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையாகியிருந்ததை 1980-களில் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. சிறு குழந்தைகள் அகரம் எழுதிப் பழகும் குச்சிக்காகச் சிலர் தம் மூச்சையே விலையாகக் கொடுத்தனர் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் உருகாமல் இராது.

இவ்விரு வகைக் கேட்டினையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. 1947-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான டிஃப்னோ, பினெல்லி என்போர் இதனை எடுத்துரைத்தனர். உயிர்ப்புத் திறன் முழுவதையும் வேகமாக ஊதச் செய்து, முதல் ஒரு நொடியில் வெளிவரும் பங்கை அளப்பதே அவ்வழி. நலமுள்ள இளைஞர், நூற்றில் ஏறத்தாழ 80 பங்கை முதல் நொடியிலேயே ஊதிவிடுவர். குழல்கள் குறுகியவர்க்கு அஃது 70 பங்கிற்கும் கீழே இறங்கிவிடும். நுரையீரல் சுருங்கியவர்க்கோ மொத்த அளவு குறையும். ஆனால் முதல் நொடியின் பங்கு அவ்வளவாகக் குறையாது. ஆஸ்துமா நோயாளருக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் இதனை அளந்து, மருந்தின் பயனை மருத்துவர் அறிகின்றனர்.

இவ்விடத்தில் நாம் சிறப்பாக மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அமைதியாக இருக்கும்போது நமக்கு வேண்டியது அரை லிட்டர் காற்றே. ஆகவே, சேமிப்பில் பாதி அழிந்த பின்னரும், அமர்ந்திருப்பவருக்குக் குறை ஒன்றும் தோன்றாது. ஓடும்போதும், சுமை தூக்கும்போதும், காய்ச்சல் காணும்போதும்தான் சேமிப்பு தேவைப்படுகிறது. கடும் உழைப்பின்போது நிமிடத்திற்கு 6 லிட்டராக இருந்த மூச்சு 100 லிட்டருக்குமேல் உயர்தல் வேண்டும். சேமிப்பு இல்லாதவர் அப்போது திணறிப் போவர். நோய் முதலில் உண்பது சேமிப்பை. ஆதலின், நோயாளி அதனை உணர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மூச்சை அளத்தலின் தேவை இதனால் நன்கு விளங்கும்.

பிறந்த குழந்தையின் ஒரு மூச்சு ஏறத்தாழ 20 மில்லி லிட்டர். குழந்தை வளர வளர நுண்ணறைகள் பெருகுகின்றன, நுரையீரலும் வளர்கிறது. 20 முதல் 25 வயதிற்குள் அதன் திறன் உச்சத்தை அடைகிறது. அதன்பின், நலமுடையவர்க்கும் அஃது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். லண்டன் மாநகரில் வேலை செய்த ஆடவர் 792 பேரை 8 ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஃபிளெட்சர், பீட்டோ என்னும் அறிஞர்கள், தம் முடிவுகளை 1977-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புகையினால் பாதிக்கப்படும் இயல்புடையோருக்கு இக்குறைவு மிக விரைவாக நிகழ்கிறது. புகைத்தலை விட்டொழித்தால், இழந்த திறன் மீண்டும் வருவதில்லை. எனினும், அதற்குமேல் குறைவது புகையாதார் அளவிற்குத் தணிந்துவிடுகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. இழந்ததை எண்ணி மனம் தளரவேண்டியதில்லை. எந்த வயதில் விட்டாலும் எஞ்சியதைக் காக்கலாம்.

உடற்பயிற்சியினால் நுரையீரல் மிகப் பெரிதாகிவிடும் எனச் சிலர் கருதுவர். வளர்ந்தவரின் நுரையீரல் பயிற்சியினால் பெரிதும் வளர்வதில்லை. ஆயினும், மூச்சுத் தசைகள் வலுப்பெறும். இதயம் உரம் பெறும். ஒரே அளவு காற்றைக்கொண்டு மிகுதியாக உழைக்கும் ஆற்றல் உண்டாகும்.

மாணவர்களே! உங்கள் நுரையீரல் இப்போது வளரும் பருவத்தில் உள்ளது. மழைக்காலத்தில் ஏரியை நிரப்பிக்கொள்ளாத ஊர் கோடையில் வருந்தும். இளமையே உங்கள் மழைக்காலம். புகைப் பழக்கத்தை அணுகவிடாதீர்கள். இருமல் பல நாள் நீடித்தாலும், முன்பு எளிதாக ஏறிய படிகளில் மூச்சு வாங்கினாலும், தயங்காமல் மருத்துவரை நாடுங்கள். உங்கள் வீட்டு அடுக்களையில் புகை சூழ்ந்திருந்தால், அது வெளியேற வழி செய்யுங்கள். தூசியில் உழைப்போருக்குத் தக்க பாதுகாப்பு அளிப்பது சமுதாயத்தின் கடமை என்பதையும் மறவாதீர்கள். நீங்கள் நாளை தொழிற்சாலை நடத்துவோராகவோ, ஆட்சி செய்வோராகவோ, மருத்துவராகவோ விளங்கும்போது, பிறர் மூச்சைக் காக்கும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கும். தம் மூச்சைப் பேணுதல் அறிவுடைமை. பிறர் மூச்சையும் பேணுதல் அறம்.